சாம்பியாவுக்குப் போக இருந்தவள் நீ

இன்று காலை பெரம்பலூரில் பஸ் ஏறி எறையூருக்குப் போனேன். ஆலை கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. கொதிக்கும் கரும்புச் சாறு, புளித்த கழிவுப்பாகு, புகை எல்லாம் சேர்ந்த வாசனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நீ ஒருநாளும் பொத்தியதில்லை. "இந்த நாத்தத்த சகிச்சுட்டோம்னா மாமியார் வூட்டுல எதையும் சகிச்சுக்கலாம்டி" என்பாய். அது நினைவுக்கு வந்து, பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். அந்த மனிதர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அரைவை மறுபடியும் தொடங்கிவிட்டது. கரும்பு வெட்ட வருகிறவர்கள் வந்து குடிசை போட்டுவிட்டார்கள். நீ இல்லாத முதல் பருவம் இது.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். என்னை எடுத்துக்கொண்டார்கள். சாம்பியாவுக்கு. இரண்டு வருடம், சம்பளமில்லாத ஆசிரியர் வேலை, சாப்பாடும் தங்க இடமும் தருவார்கள். வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும். இதை உன்னிடம்தான் கேட்டிருப்பேன். நீ இல்லாததால் எழுதுகிறேன்.

பயிற்சிப் பள்ளி முடித்து வெளியே வந்த நாட்களை நினைத்துப் பார். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, நீ அரும்பாவூர்ப் பக்கம் உங்கள் கிணற்று மேட்டிலும், நான் அரியலூர் பக்கம் எங்கள் காலனியிலும் உட்கார்ந்திருந்தோம். வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடங்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் இல்லாத வாத்தியார்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் சேர்த்து வைக்க இந்த நாட்டில் ஒருவருக்கும் அவசரமில்லை. அப்போதுதான் ஒருநாள் நீ எங்கள் வாசலில் வந்து நின்றாய். எங்கள் தெருவுக்குள் உங்கள் ஆட்கள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நான் பார்த்ததில்லை. நீ கழற்றினாய். என் அம்மா பதறிப்போய் உனக்குத் தண்ணீர் தருவதா வேண்டாமா என்று நின்றபோது, நீயே பானையில் மொண்டு குடித்துவிட்டு, "ஏ புள்ள, எறையூர்ல கரும்பு வெட்டுற ஆளுங்க புள்ளைங்க சும்மா திரியுதுங்க. நாம சும்மா திரியறோம். வா" என்றாய். எனக்கு நடந்த நேர்காணல்களிலேயே சுருக்கமானது அதுதான்.

ஆலைக்கு அப்பால், ஓடைக்கரைப் புறம்போக்கில் அவர்கள் குடிசைகள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வெட்டு காலத்துக்கு மட்டும் வருகிற குடும்பங்கள். வெட்டு முடிந்தால் வேறு ஊர். அந்தப் பிள்ளைகள் எந்த ஊர்ப் பள்ளிக்கும் சொந்தமில்லை. முதல் நாள் நாம் கரும்பலகையைக் குடிசைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றோம். எத்தனை பிள்ளைகள் என்று எண்ணக்கூட முடியவில்லை. பெரிய பிள்ளைகள் எல்லாம் இடுப்பில் ஒரு கைப்புள்ளையோடு வந்தார்கள். ஒன்று அழுதால் இன்னொன்று அழுதது. நான் "அ" எழுதி முடிப்பதற்குள் டிராக்டர் ஒன்று கரும்போடு போக, வகுப்பு முழுவதும் எழுந்து அதன் பின்னால் ஓடியது. மிச்சமிருந்தது நாம் இரண்டு பேரும், நடக்கத் தெரியாத ஒரு குழந்தையும். "இவன் நல்லா படிப்பான் போலருக்கு" என்றாய் நீ.

எனக்குக் கோபம். கம்பு எடுக்கலாம் என்றேன், வரிசை போடலாம் என்றேன், கைப்புள்ளைகளை விட்டுவிட்டு வரச் சொல்லலாம் என்றேன். நீயோ கரும்பு வெட்டும் இடத்துக்குப் போய் நின்றாய். பூங்காவனம் அக்கா வெட்டிய கரும்பைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கரும்பின் பச்சைத் தோகையையே இரண்டாகப் பிரித்து முறுக்கி, சுற்றி, ஒரு இழுப்பு. முடிந்தது.

"கயிறு வாங்கலையாக்கா?" என்று கேட்டாய்.

"கவுறு எதுக்கு? அதான் அதுலயே கீதே" என்றாள் அவள், நம்மைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்து.

மறுநாள் நீ பிள்ளைகளிடம் வரிசை என்ற பேச்சையே எடுக்கவில்லை. "நீங்களே கட்டு கட்டா சேருங்க" என்றாய். அவர்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு பெரிய பிள்ளை, நான்கைந்து சின்னது, நடுவில் படுக்க வைத்த கைப்புள்ளைகள். அழுகிற குழந்தையைக் கட்டே பார்த்துக்கொண்டது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொன்னான். நாம் கட்டுக்குக் கட்டு போனால் போதும். அந்தக் கூட்டத்தை அடக்க நாம் தேவையே இல்லை என்று தெரிந்த அன்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. உனக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

சாம்பியா உன் யோசனை. பெரம்பலூர் நூலகத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாய்.

"ஏ புள்ள, போவோமா?"

"இங்க கிழிச்சது போதாதுன்னு அங்க போயி கிழிக்கப் போறியா?"

"அங்க ஒரு வகுப்புல நூறு புள்ளைங்ககூட இருக்குமாம்டி. கூட்டத்தக் கண்டு பயப்படாத ஆளு வேணுமாம். நம்மள விட்டா யாரு?"

அன்றிலிருந்து நீ தயாராக ஆரம்பித்தாய். நூலகத்து அட்லஸில் சாம்பியாவைத் தேடி விரல் வைத்துப் பார்த்தாய். "கடலே இல்லடி அந்த ஊருக்கு. நம்ம பெரம்பலூர் மாதிரியே" என்று மகிழ்ந்தாய். கரும்பு வெட்டும் பிள்ளைகளுக்கு "குட் மார்னிங்" சொல்லிக் கொடுத்து, அவர்கள் சாயங்காலத்திலும் அதையே சொல்ல, நீ திருத்தாமல் விட்டாய். குரல் பழக வேண்டும் என்று என்னை ஓடையின் அந்தக் கரையில் நிறுத்திவிட்டு, இந்தக் கரையிலிருந்து இங்கிலீஷில் பாடம் நடத்தினாய்.

"கேக்குதா?"

"கேக்கல!"

"பொய் சொல்லாதடி! கேக்கலன்னா எப்படிப் பதில் சொல்ற?"

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீ விடவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் சைகையிலேயே வகுப்பு நடத்தினாய். அன்றுபோல அமைதியாக ஒரு வகுப்பு அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் உன் சாவைப் பற்றி உன் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பது பொய்.

வெட்டுக்கு ஆள் கூட்டி வந்த மேஸ்திரி அந்தக் குடிசைகளுக்கு ஓடைத் தண்ணீரைப் பழைய டீசல் பேரலில் மொண்டு வைத்திருந்தான். பிள்ளைகள் அதைத்தான் குடித்தார்கள். நான் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோனேன். உன்னையும் கொண்டு வரச் சொன்னேன். "அதுங்க முன்னாடி நான் மட்டும் வேற தண்ணி குடிக்கவா?" என்றாய். நானும் நீயும் அந்த ஒரு விஷயத்தில்தான் உண்மையாகவே சண்டை போட்டோம். நான் பிறந்ததிலிருந்து வேறு தண்ணீர், வேறு டம்ளர், வேறு கிணறு என்று பார்த்தவள். நல்ல தண்ணீர் கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்வது எனக்குப் புரியவில்லை. உனக்கோ நல்ல தண்ணீரே கூச்சமாக இருந்தது. இரண்டு பேரும் அவரவர் பிறந்த தெருவிலிருந்துதான் பேசினோம் என்று இப்போது தெரிகிறது. அரைவை முடியும் தறுவாயில் உன் கண் மஞ்சளானது. முதலில் பச்சிலை கொடுத்தார்கள். பிறகு மந்திரித்தார்கள். திருச்சிக்குக் கொண்டு போகும்போது உனக்கு நினைவு இல்லை.

நான் பஸ் பிடித்து உன் ஊருக்கு வந்தேன். உங்கள் தெரு முனையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "நீ அந்தப் புள்ளயோட படிச்சவதானம்மா? இப்படி ஓரமா நில்லு. எடுத்துக்கிட்டு வரும்போது பாத்துக்கலாம்." பால் சொசைட்டிச் சுவர் ஓரமாக நின்றேன். எடுத்துக்கொண்டு வரும்போது பூவும் ஆட்களின் முதுகும்தான் தெரிந்தன. உன் அப்பா என்னைப் பார்த்தார். என் வீட்டில் நீ சாப்பிட்டது அவருக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு போனார். பக்கத்தில் யாரோ, "தலையெழுத்து அவ்வளவுதான்" என்றார்கள். எழுத்தா? உன்னைக் கொன்றது தண்ணீர். அதே தண்ணீரை அந்தப் பிள்ளைகள் இந்தப் பருவமும் குடிக்கிறார்கள்.

நான் சாம்பியாவுக்கு எழுதிப் போட்டதை உன் நிறைவேறாத ஆசையை நிறைவேற்ற என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். ஆசை உன்னுடையது, உண்மைதான். காரணம் என்னுடையது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த அறிவிப்பைக் கொடுத்தவர்கள் திருச்சியில் பயிற்சி தந்தார்கள். கொசுவலை கட்ட, தண்ணீரைக் கொதிக்க வைக்க, பெரிய கூட்டத்துக்குப் பாடம் நடத்த. கொதிக்க வைக்கச் சொல்லித் தந்த அன்று நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். கடைசியில் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி மைதானத்தில் மாதிரி வகுப்பு. எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். மற்றவர்கள் விசில் ஊதினார்கள், வரிசை போட்டார்கள். என் முறை வந்தது. எனக்குப் பயமே இல்லை. உன் வித்தை கையில் இருந்ததே. "நீங்களே கட்டு கட்டா சேருங்க" என்றேன்.

கண் மூடித் திறப்பதற்குள் சேர்ந்தார்கள். பயிற்சி தந்த சார் மகிழ்ந்துபோய், "பாருங்க, எவ்வளவு அழகா பிரிஞ்சிட்டாங்க!" என்றார். அழகாகத்தான் பிரிந்திருந்தார்கள். தெருத் தெருவாக. மைதானத்தின் நடுவில் மூன்று கட்டு. வேலி ஓரமாக ஒரு கட்டு. அதில் ஒரு பையனுக்கு மேல்சட்டை இல்லை. யாரும் அவர்களைத் தள்ளிவிடவில்லை. அவர்களே போய் அங்கே உட்கார்ந்துகொண்டார்கள். அந்த வயதில் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கு உடனே தெரிந்தது.

உன் மேல் கோபம் வந்தது. நீ பார்த்தது ஒரே பிழைப்புக்கு வந்த, ஒரே குடிசை வரிசையில் படுத்த பிள்ளைகளை. அங்கே தோகை எல்லாரையும் கட்டியது. இங்கே அது அவரவர் தெருவை மட்டும்தான் கட்டும். இது உனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன்னை நம்பியதில் என் ஊரையே மறந்து நின்றிருக்கிறேன்.

"வூட்டுக்கு மூத்த புள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க" என்றேன். எழுந்தார்கள். "கடைக்குட்டிங்க?" கூச்சத்தோடு எழுந்தார்கள். ஒரு கட்டுக்கு இரண்டு மூத்தது, இரண்டு கடைக்குட்டி, மற்றதெல்லாம் நடுவில் பிறந்தது என்று கலந்து உட்கார வைத்தேன்.

ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நான் ஒத்தப் புள்ள. எங்க குந்தறது?" என்றான்.

"மூத்ததும் நீதான், கடைசியும் நீதான். புடிச்ச எடத்துல உக்காரு."

"அப்ப நான் ராசாவா டீச்சர்?" என்றான். மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் கலந்தார்கள். ஆனால் ஒரு பெண் மட்டும் நகரவில்லை. "எங்கம்மா திட்டும்" என்றாள் மெதுவாக. அவள் பக்கத்தில் போய் நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் பாவாடையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். வகுப்பு நடந்தது. மூத்த பிள்ளைகள் எந்தத் தெருவாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் அதட்டினார்கள். கடைக்குட்டிகள் ஒரே மாதிரிதான் சிணுங்கினார்கள். மணி அடித்ததும் எல்லாரும் பழைய கட்டாகவே பிரிந்து வீட்டுக்குப் போனார்கள். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முதல்லயே நல்லா பிரிஞ்சிருந்தாங்களேம்மா. ஏன் கலைச்சு நேரத்த வீணாக்கினீங்க?"

"அது தெருங்க சார்."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏன் வெளிநாடு போகணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் சேவை என்றார்கள். நான் சொன்னேன்: "இங்க நான் எந்த ஸ்கூலுக்குப் போனாலும் எனக்கு முன்னாடி என் தெரு போய் நிக்குது சார். ஒரு எடத்துலயாவது டீச்சரா மட்டும் நிக்கணும்."

இதுதான் என் காரணம். இந்த ஊரில் என்னை வெறும் ஆளாகப் பார்த்தவள் நீ ஒருத்தி. நீயும் போய்விட்ட பிறகு, அந்தப் பார்வை இல்லாமல் இங்கே நடமாடுவது எனக்கு மூச்சு முட்டுகிறது. அங்கே போனால் வேறு ஏதாவது சுவர் இருக்கும். என் நிறத்தையோ என் இங்கிலீஷையோ பார்த்து யாராவது ஒதுங்குவார்கள். நான் கற்பனையில் மிதக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரில் என் தாத்தாவின் பெயர் எழுதியிருக்காது.

எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அப்புறம்தான் தவிப்பு. அம்மா, "அந்த ஊர்ல அரிசி உண்டாடி?" என்று ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இதைவிட வேறு வார்த்தை தெரியாது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். எறையூர்ப் பிள்ளைகளை யார் பார்ப்பது? அங்கே நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறவள், இங்கே இருக்கிறவர்களை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறாள்? இதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இன்று போனேன்.

பூங்காவனம் அக்கா குடிசை வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஊர்லயும் கரும்பு வெட்டுறாங்களா?"

"வெட்டுவாங்க போலருக்குக்கா."

"கூலி நல்லாருந்தா சொல்லி அனுப்பு. நாங்களும் வந்துடறோம்." சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற? எங்களுக்கோசரமா? வெட்டு முடிஞ்சா நாங்க உன்கிட்ட கேட்டுக்கினா போறோம்? நீ மட்டும் இங்க குந்திக்கினு யாருக்குப் பாடம் சொல்லுவ?"

"அடுத்த வருசம் வருவீங்களே."

"வந்தா நீயும் வா. ரெண்டு வருசத்துல நாங்க ஒண்ணும் மச்சு வூடு கட்டிக்கினு ஒக்காந்துட மாட்டோம்." பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு இருந்திருந்தா ஜோடியா போயிருப்பீங்க" என்றாள். மறுபடியும் அரிவாளை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தாள்.

அவள் என்னைப் போகச் சொல்லிவிட்டாள். ஆனால் அது தீர்வு இல்லை. நான் போனால் இங்கே வேறு யாரும் வரப் போவதில்லை. அந்தப் பேரலை மாற்றச் சொல்லி நான் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நாம் தேவைப்பட்டதே ஒரு அநியாயம். இரண்டு வேலையில்லாத பெண்களின் நல்ல மனதை நம்பித்தான் அவர்கள் எழுத்தறிய வேண்டுமா? திரும்பி வந்து இதைச் சத்தமாகக் கேட்பேன். இங்கே எழுதிக் கேட்டதைவிடச் சத்தமாக.

கிளம்பும் முன் பிள்ளைகள் கதை கேட்டார்கள். பாதிப்பேர் புதுசு, உன்னைப் பார்த்தே இல்லாதவர்கள். நீயும் நானும் எப்போதும் கதையை ஆளுக்குப் பாதிதான் சொல்வோம். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன். நீ குறுக்கே விழுந்து முடிப்பாய். என்ன முடிப்பாய் என்று எனக்கே தெரியாது. அதனால் கதை எங்கேயாவது போய்விடும். இன்று நான் தனியாக ஆரம்பித்தேன். ஒரு பெண், கரும்பு லாரி எங்கேதான் போகிறது என்று பார்க்க, யாருக்கும் தெரியாமல் அதன் உச்சியில் ஏறிக்கொள்கிறாள். லாரி கிளம்பிவிடுகிறது. "அவ கீழ எட்டிப் பாத்து..." என்றேன். நிறுத்தினேன்.

வேண்டுமென்று நிறுத்தவில்லை. பழக்கம். என் இடதுபக்கம் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். அங்கே யாரும் இல்லை. எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கடைசியில், இடுப்பில் தம்பியோடு நின்றிருந்த ஒரு பெண் சொன்னாள்: "‘எனக்கு ஏறத்தான் தெரியும், எறங்கத் தெரியாது. போவ வேண்டியதுதான்’னு சொல்லிச்சு."

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்று அவளையே கேட்டேன். அவள் தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கதையைத் தொடர்ந்தாள்.

திங்கட்கிழமை, ‘வருகிறேன்’ என்று சொல்லப் போகிறேன்.

அங்கே நூறு பிள்ளைகள் முன்னால் நின்றாலும் பாதி வாக்கியத்தில் எனக்கு நின்றுபோகும். அதைச் சரிசெய்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்தப் பிள்ளைகள் அவர்கள் பாஷையில் முடித்துக்கொள்ளட்டும். ஆனால் நான் நிறுத்தியதற்கும் அவர்கள் ஆரம்பிப்பதற்கும் நடுவில் ஒரு நொடி வரும். அந்த நொடியில் மட்டும் நான் உனக்காகக் காத்திருப்பேன்.